அந்தச் சட்டையைக் கீழே இறக்குங்கள்

பனித்திடலுக்குப் போகும் நடைவழியில் ஒரு மர வாங்கு கிடக்கிறது. நிரோசனை அதில் இருத்தியிருந்தோம். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். காதுகளை மூடி, கல் உடைக்கிற இடங்களில் போடும் மஞ்சள் நிறக் காதுமூடி. அது என்னுடையது. என் வேலை வான் வண்டியிலிருந்து எடுத்து வந்தேன். நான் இப்போது குழாய் வேலை செய்கிறவன்.

காலுக்குக் கீழே கறுப்பு ரப்பர் விரிப்பு. அந்த இடத்து மணம் மாறவே இல்லை. ஈர ரப்பர், பழைய வியர்வை, எங்கோ ஒரு மூலையில் வாஃபல் சுடுகிற வெண்ணெய்.

அவன் காதுமூடியை ஒரு பக்கம் தூக்கினான்.

“மச்சான், என்ரை மட்டை எங்கை?”

“இண்டைக்கு மட்டை தேவையில்லையடா.”

“ஏன்? என்னை வாங்கிலை இருத்திட்டாங்களே?”

“ஓம்,” என்றேன்.

அவனுக்கு நாற்பது தாண்டிக் கொஞ்சக் காலம்தான் ஆகிறது. தலை அதைவிட முப்பது வயது மூத்துவிட்டது. ஐஸ் ஹொக்கியில் வாங்கிய அடிகள் அப்படி.

அன்று அவனுடைய சட்டையை மண்டபத்தின் கூரைக்கு ஏற்றப் போகிறார்கள். இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு கழகம் தன் வீரன் ஒருவனை எல்லாருக்கும் மேலாக மதித்தால், அவனுடைய இலக்கமும் பெயரும் உள்ள சட்டையைக் கயிற்றில் கட்டிக் கூரைக்குத் தூக்கும். பிறகு அந்த இலக்கத்தை எவனுக்கும் கொடுக்க மாட்டார்கள். இதற்கு மேல் மரியாதை கிடையாது.

நான் அதை எதிர்த்தேன். போன வாரம் இந்தப் பத்தியில் என் முழங்காலைப் பற்றி எழுதியதைப் படித்துச் சிரித்ததாகப் பலர் சொன்னீர்கள். இந்த வாரம் சிரிப்புக் குறைவு. வேண்டாம் என்றால் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள்.

என் வேலை கத்துவது

நிரோசனும் நானும் நோர்வேயில், புருசெத் என்கிற இடத்தில் ஒரே மாடிக் கட்டடம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சரளைக்கல் மைதானம் ஒன்று. குளிர்காலத்தில் அதில் தண்ணீர் அடித்துப் பனியாக்குவார்கள். பள்ளியில் ஒரு பெட்டி நிறைய யாரோ போட்டுக் கழித்த சறுக்குச் சப்பாத்துகள் இருந்தன. மற்றத் தமிழ்ப் பெடியள் உதைபந்துக்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கும் போனார்கள். நாங்கள் அந்தப் பெட்டிக்குப் போனோம்.

சிறுவர் அணி, இளைஞர் அணி, பிறகு சம்பளத்துக்கு விளையாடுகிற கழகம். அதன் பெயரை எழுத மாட்டேன். எல்லா இடத்திலும் நாங்கள் சோடி. இருவரும் பின்வரிசைக் காவல்.

காவல் வேலையில் மோசமான கணம் ஒன்று உண்டு. எதிரணி ‘பக்’கை எங்கள் பக்க மூலைக்கு அடித்துவிடும். பக் என்றால் கறுப்பு ரப்பர் வட்டு, அதுதான் எங்கள் பந்து. சோடியில் ஒருவன் அதை எடுக்கப் போக வேண்டும். முகம் பலகைச் சுவரைப் பார்த்திருக்கும். முதுகு முழு உலகத்துக்கும் திறந்திருக்கும். பின்னால் நூறு கிலோ மனிதன் ஒருவன் அவனை நசுக்க முழு வேகத்தில் வந்துகொண்டிருப்பான். குனிந்து நிற்பவனுக்கு அது தெரியாது. தெரிந்தால் உடம்பைத் திருப்பித் தோளில் வாங்குவான். தெரியாவிட்டால் தலையில் வாங்குவான்.

அதனால் மற்றவன் கத்த வேண்டும். நிரோசன் போய் எடுப்பான், நான் கத்துவேன். அவனுக்கு என்னைவிட நல்ல கைகள். எனக்கு நல்ல தொண்டை.

நாங்கள் தமிழில் கத்தினோம். யாரும் திட்டம் போடவில்லை. வாயில் அதுதான் வந்தது. “வாறான்!” “விடு!” “ஆருமில்லை, திரும்பு!” பிறகுதான் அதன் அருமை விளங்கியது. மண்டபத்தில் எல்லாரும் நோர்வேஜிய மொழியில் கத்துவார்கள். சனம் கத்தும். எங்களை ஏமாற்றவென்றே எதிரணி கத்தும். அந்தச் சத்தக் காட்டுக்குள் தமிழ் ஒரே ஒரு வாயிலிருந்துதான் வரும். அவன் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. நம்பினால் போதும்.

எங்கள் கோல்காப்பாளர் வடக்கே மீன்பிடி ஊரில் பிறந்த மலை மாதிரி மனிதர். அவரும் ஒரு சொல் படித்துவிட்டார். “விடு! விடு!” என்று மண்டபம் அதிரக் கத்துவார். எங்கள் அப்பாமாரைவிட நன்றாக உச்சரித்தார்.

ஒருநாள் நகரத்துக்குள் குறொன்லாண்டில் மரக்கறிக் கடையில் நிற்கிறோம். தமிழ்நாட்டிலிருந்து கணினி வேலைக்கு வந்த ஒருவர் எங்களை அடையாளம் கண்டு வந்தார்.

“சார், நீங்க ரெண்டு பேரும் ஹாக்கி பிளேயர்ஸாமே? நம்ம இந்தியா டீம் சூப்பரா ஆடுது, இல்ல?”

“அது புல்லிலை விளையாடுறது அண்ணை,” என்றான் நிரோசன்.

“அப்ப நீங்க எதுல ஆடறீங்க?”

“ஐஸிலை.”

அவர் நன்றாக யோசித்தார். உண்மையான அக்கறையோடு கேட்டார்: “வழுக்காதா சார்?”

அதற்குப் பிறகு எவன் விழுந்தாலும் நிரோசன் பக்கத்தில் போய் நின்று “வழுக்காதா சார்?” என்பான். விழுந்தவன் நோர்வேக்காரனாக இருந்தாலும் தமிழில்தான் கேட்பான். இந்தக் கதையை நினைவில் வைத்திருங்கள்.

மம்மாவின் தேங்காய்

நிரோசனின் அம்மாவை நான் அன்ரி என்பேன். அன்ரிக்கு இந்த விளையாட்டுப் பிடிக்காது. பார்க்கவும் மாட்டா. ஆனால் பருவத்தின் முதலாவது ஆட்டத்தன்று குறொன்லாண்டில் தேங்காய் வாங்கி, பைக்குள் போட்டு, சுரங்க ரயில் ஏறி வந்துவிடுவா. மண்டபத்தின் பின்கதவில் ஒரு சீமெந்துப் படி உண்டு. அதில் ஓங்கி ஒரு அடி. உடைத்துவிட்டு அடுத்த ரயிலில் வீட்டுக்குப் போய்விடுவா.

முதல் வருடம் மண்டபப் பராமரிப்பாளர் கத்தினார். தேங்காய்த் தண்ணீர் படியில் உறைந்து அவர் வழுக்கி விழப் பார்த்தார். நிரோசன் போய் “வழுக்காதா சார்?” என்றான். அன்று நாங்கள் வென்றோம். கோல்காப்பாளர் தேங்காய்த் துண்டு ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டு இன்னொன்றைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஹொக்கிக்காரரைப் போல மூடநம்பிக்கை பிடித்த சனத்தைக் கோயிலிலும் காண முடியாது. அடுத்த பருவத்தில் முழு அணியும் உடை மாற்றும் அறையில் சப்பாத்துக் கயிற்றைக் கட்டாமல் இருந்தது. அன்ரி அவர்கள் எல்லாருக்கும் மம்மா. “மம்மா வந்துவிட்டாவா?” என்று கோல்காப்பாளர் கேட்டபடி இருந்தார். பின்கதவில் ‘டக்’ என்று கேட்டது. எல்லாரும் ஒன்றாகக் குனிந்தார்கள். கயிறுகளை இழுத்துக் கட்டுகிற அந்தச் சர்ர் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். தேங்காய் உடைந்த பிறகுதான் கயிறு.

ஒரே அணி, ஒரே மொழி

பிறகு ஸ்தைன் என்கிற பயிற்சியாளர் வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல ஆசை. சொல்ல முடியாது. மெதுவாகப் பேசுவார். எல்லாருடைய பிள்ளைகளின் பெயரும் தெரியும். வந்து சில வாரங்களில் ஒரு சட்டம் போட்டார். ஒரே அணி, ஒரே மொழி. திடலிலும் வாங்கிலும் தமிழ் கேட்டால், பேசியவன் அடுத்த முறை இறங்க மாட்டான். வாங்கில் இருப்பான்.

“அணியில் இருக்கும் கனடாக்காரர் ஆங்கிலம் பேசுகிறார்களே?” என்று நான் கேட்டேன்.

“ஆங்கிலம் எல்லாருக்கும் விளங்கும்,” என்றார்.

“விடு என்றால் எனக்கும் விளங்கும்,” என்றார் கோல்காப்பாளர். சிலர் சிரித்தார்கள். ஸ்தைனும் சிரித்தார். சட்டம் மாறவில்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நிரோசன்தான் அடக்கினான். நோர்வேஜிய மொழியை நாங்கள் நொஸ்க் என்போம். “விடடா. நொஸ்க்கிலை கத்து. எனக்குக் கேக்கும்.”

கேட்கவில்லை.

வெளியூர் மண்டபம். கூரை தாழ்வானது. சத்தம் வெளியே போக வழியில்லாமல் தலைக்கு மேல் நின்றது. பக் எங்கள் மூலைக்குப் போனது. நிரோசன் அதன் பின்னால் போனான். எதிரணியில் தாடிக்காரன் ஒருவன் எங்கள் பக்கம் தொடங்குகிற நீலக் கோட்டிலிருந்தே குறிவைத்து வருவதை நான் கண்டேன். “றிக்!” என்று கத்தினேன். முதுகு என்று அர்த்தம். நோர்வேயில் எல்லாக் காவல்காரரும் கத்துகிற சொல். அதே சொல்லை அதே நேரம் அரை மண்டபம் கத்தியது. எதிரணி வாங்கும் கத்தியது. நிரோசன் அன்று அந்தச் சொல்லை எத்தனையோ தடவை சும்மா கேட்டிருந்தான். அவன் திரும்பவில்லை.

அவன் தலை பலகையில் அடித்த சத்தம் தேங்காய் உடைந்த மாதிரி இருந்ததாகப் பின்னர் ஒருவன் சொன்னான். விசரன். தேங்காய் உடைகிற சத்தம் துப்புரவானது. இது கதவொன்றை நிலத்தடியில் மூடினது மாதிரி இருந்தது.

வாங்கில் வைத்து இன்றைக்கு என்ன கிழமை, இது எந்த ஊர் என்று கேட்டார்கள். சரியாகச் சொன்னான். கடைசிப் பகுதிக்கு இறக்கிவிட்டார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் பிளாஸ்ரிக் பைக்குள் சத்தி எடுத்தான். “மச்சான், ஆர் வெண்டது?” என்று கேட்டான். சொன்னேன். கொஞ்சத் தூரம் போனதும் மறுபடி கேட்டான்.

அதுதான் முதல் அடி என்று சொல்லவில்லை. கடைசியும் அல்ல. பிறகும் பல வருடம் விளையாடினான். தலைவனாக இருந்தான், கிண்ணம் தூக்கினான். ஆனால் நான் அந்த மூலையிலிருந்துதான் எண்ணுகிறேன்.

நான் கத்தவில்லை என்று எவனாவது சொன்னால் என் முன்னால் வந்து சொல்லட்டும். கத்தினேன். எந்த மொழியில் கத்தச் சொன்னார்களோ அந்த மொழியில் கத்தினேன். நான் இதை மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. கேட்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

மேடைக்கு மேடை

விளையாட்டை விட்டதும் நான் குழாய் வேலைக்குப் போனேன். நிரோசன் பெரிய ஆளானான். அவனுக்கு முகம் இருந்தது, பேச்சு இருந்தது. தொலைக்காட்சியில் ஆட்டத்தை விளக்க இருத்தினார்கள். நகரப் பகுதி மன்றத்துக்கு நின்று வென்றான். பள்ளிக்கூடங்களுக்குக் கூட்டிப்போய்ப் பிள்ளைகள் முன் நிறுத்தினார்கள். அகதியின் மகன் ஐஸில் நிற்கிறான் பாருங்கள் என்று காட்ட, எல்லாருக்கும் அவன் தேவைப்பட்டான்.

எங்கள் ஆட்களுக்கும்தான். சின்ன வயதில் அன்ரியைப் பிடித்து “பிள்ளையைப் படிப்பிக்காமல் ஐஸிலை விட்டிட்டியள்” என்று கேட்டவர்களே பிறகு பொன்னாடையோடு வந்தார்கள். “எங்கடை பெடியன்” என்றார்கள். அவன் அடி வாங்கிய எந்த ஆட்டத்துக்கும் அவர்களில் ஒருவரையும் நான் கண்டதில்லை.

ஒரு கலைவிழா. நிரோசன் பிரதம விருந்தினர். மேடையில் ‘வழுக்காதா சார்’ கதையைச் சொன்னான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டு வசனம் பேசினான். பிறகு, “ஒருநாள் குறொன்லாண்டிலை மரக்கறிக் கடையிலை நிக்கிறம்...” என்று மறுபடி தொடங்கினான். பகிடி விடுகிறான் என்று நினைத்து அப்போதும் சிரித்தார்கள். மூன்றாவது தடவை தொடங்கியபோது மண்டபம் அமைதியாகிவிட்டது.

எனக்குப் பின்வரிசையில் ஒரு குரல்: “பெடியன் நல்லா ஏத்திப்போட்டு வந்திருக்கிறான்.”

நிரோசன் ஒரு சொட்டும் குடிப்பதில்லை. நான் திரும்பி அந்த மனிதரின் சேர்ட்டைப் பிடித்தேன். அவருடைய மனுசி கத்தினா. விட்டுவிட்டு மேடைக்கு ஏறி, ஒலிவாங்கியை வாங்கி வைத்துவிட்டு, அவனைக் கையில் பிடித்து இறக்கினேன். “நல்லாப் போச்சுது என்ன?” என்று கேட்டான். முகம் முழுக்கச் சந்தோசம்.

பிறகு ஒவ்வொரு கதவாக மூடியது. தொலைக்காட்சி கூப்பிடுவதை நிறுத்தியது. மன்றத்திலிருந்து அவனே விலகினான். வெளிச்சம் பட்டால் சத்தி. கரண்டி கோப்பையில் பட்டால் தலையைப் பிடித்துக்கொள்வான். நகரத்துக்கு வெளியே லோறென்ஸ்கூக்கில் அவனும் மனைவியும் வாங்கிய வீட்டின் நிலக்கீழ் அறைதான் இப்போது அவனுடைய இடம். யன்னலுக்குக் கம்பளி அடித்துக் கொடுத்தது நான்.

துஷாவின் சமையலறை

கழகத்திலிருந்து ஒரு பெண் வந்தா. அதே நாள் தமிழ்ச் சங்கத் தலைவரும் வந்தார். நிரோசனின் மனைவி துஷா தேத்தண்ணி ஊற்றினா. நானும் இருந்தேன்.

கழகத்துப் பெண் திட்டத்தைச் சொன்னா. மண்டபத்தை இருட்டாக்கி ஒரே ஒரு விளக்கு அவன்மேல். கப்பல் சங்கு மாதிரி எங்கள் மண்டபத்து ஊதுகுழல். வாணவேடிக்கை. சங்கத் தலைவர் தன் பங்குக்குத் தவில் என்றார்.

“அவனைக் கொல்லப் போறியளோ?” என்று கேட்டேன். கழகத்துப் பெண்ணுக்காக அதையே நொஸ்க்கிலும் கேட்டேன்.

“தம்பி, நீர் விளங்காமல் கதைக்கிறீர்,” என்றார் தலைவர். “இது எங்கடை இனத்துக்கே ஒரு பெருமை.”

“அப்ப இனத்தைக் கூரையிலை கட்டித் தூக்குங்கோ.”

அவர் தேத்தண்ணியை முடிக்காமல் எழும்பினார். கழகத்துப் பெண்ணும் போனபிறகு துஷா கோப்பைகளைக் கழுவினா. ஒன்றிலொன்று முட்டாமல், துணிக்கு மேல் வைத்து. அந்த வீட்டில் எல்லாரும் அப்படித்தான் கழுவுகிறார்கள்.

“சுதன் அண்ணா, நீங்கள் மறுக்காதேங்கோ.”

“துஷா, அவனாலை ஏலாது.”

“தெரியும். எனக்குத் தெரியாதே? நான்தானே துடைக்கிறனான்.” குரல் உயரவில்லை. அந்த வீட்டில் உயராது. “உங்களுக்கு ஆளை முந்தித் தெரியும். எனக்கும் தெரியும். பிள்ளையளுக்குக் கீழை இருக்கிற ஆளைத்தான் தெரியும். மீரா பள்ளிக்கூடத்திலை அப்பா செத்திட்டார் எண்டு சொல்லியிருக்கிறாள். டீச்சர் எனக்கு ரெலிபோன் எடுத்தவ.”

துஷா அடுத்த கோப்பையைத் துணிக்கு மேல் கவிழ்த்தா.

“ஒருக்கா. ஒரே ஒருக்கா அவர் அங்கை நிமிர்ந்து நிக்கிறதை அதுகள் பாக்கவேணும். சனம் கை தட்டுறதைக் கேக்கவேணும். அது காணும் எனக்கு.”

“கைதட்டினா அவன் விழுந்திடுவான்.”

மூத்தவள் மீரா படிக்கட்டில் இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். “கையுறை போட்டுக்கொண்டு தட்டினா?” என்றாள். “மொத்தக் கம்பளிக் கையுறை. நான் அப்பாவுக்கு முன்னாலை அப்பிடித்தான் தட்டுறனான்.”

நான் கழகத்துக்குப் போய் என் நிபந்தனைகளைச் சொன்னேன். இருட்டு இல்லை. ஊதுகுழல் இல்லை. வெடி இல்லை. தவில் இல்லை. கம்பளிக் கையுறை போடாத ஒருவனும் கைதட்டக் கூடாது. ஆச்சரியம், எல்லாவற்றுக்கும் சம்மதித்தார்கள். ஒலிபெருக்கிக்காரனைக்கூடத் தனியாகப் பிடித்து எச்சரித்தேன். ஒருவரையும் விடவில்லை என்றுதான் நினைத்தேன்.

அன்ரியிடம் மட்டும் ஒருவரும் கதைக்கவில்லை.

‘டக்’

இனி அந்த வாங்குக்கு வருகிறேன்.

மட்டை எங்கே என்று கேட்டவன் காதுமூடியை மறுபடி இறக்கியிருந்தான். அறிவிப்பாளர் மெல்லிய குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். துஷாவும் இரண்டு பிள்ளைகளும் எங்களுக்கு முன்னால் நின்றார்கள். சின்னவள் கையுறையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது பின்கதவுப் பக்கம் ‘டக்’ என்று கேட்டது.

அன்ரி. இத்தனை வருடத்துக்குப் பிறகு, பைக்குள் தேங்காயோடு, ரயில் ஏறி வந்திருக்கிறா. காதுமூடிக்கு மேலால் அவனுக்கும் கேட்டுவிட்டது. துஷா சட்டென்று அவன் பக்கம் திரும்பினா. அவன் தலையைப் பிடிக்கப் போகிறான், சத்தி எடுக்கப் போகிறான், எல்லாம் முடிந்தது என்று நான் அவன் தோளைப் பிடிக்கப் போனேன்.

நிரோசன் குனிந்தான். சப்பாத்தைப் பிடித்தான். அது துஷா வாங்கிக் கொடுத்த குளிர்காலச் சப்பாத்து. ஒட்டுகிற பட்டி மட்டும்தான், கயிறே கிடையாது. அவனுடைய விரல்கள் இல்லாத கயிற்றைத் தேடி எடுத்தன. கீழிருந்து மேலாக ஒவ்வொரு கண்ணாக இழுத்து இறுக்கின. முடிச்சுப் போட்டன. மற்றக் காலுக்கும் அப்படியே.

பிறகு எழும்பினான். தோள் விரிந்தது. “வா மச்சான்,” என்றான்.

கம்பளம் விரித்திருந்தார்கள். அவன் நடந்தான். நான் பிடிக்கவில்லை, பிடிக்கத் தேவைப்படவில்லை. முழு மண்டபமும் எழும்பி நின்று கம்பளிக் கையுறைகளால் தட்டியது. அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கூரையிலிருந்து பனி சரிந்து கீழே பனிமேல் விழுகிற சத்தம். தமிழாட்களும் தட்டினார்கள். தலைவரும் தட்டினார், பெரிய சிவப்புக் கையுறைகளோடு. மீரா பக்கத்தில் நடந்தபடி அப்பாவை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே வந்தாள். காலடியைப் பார்க்கவில்லை.

நடுத்திடலில் ஸ்தைன் பூங்கொத்தோடு நின்றார். கிழவராகிவிட்டார். நிரோசனைக் கட்டிப்பிடித்தார். நிரோசன் சுத்தமான நொஸ்க்கில் நன்றி சொன்னான்.

“குளிருதே உனக்கு?” என்று நான் அவனைக் கேட்டேன்.

அவன் என் பக்கம் சாய்ந்தான். வாயை அசைக்காமல் சொன்னான்.

“தமிழிலை கதையாதை. அவன் பாத்துக்கொண்டு நிக்கிறான்.”

மனைவியின் பெயரை மறந்துபோகிறவன். மகளின் வயது தெரியாதவன். அது மட்டும் அழியவில்லை.

நான் ஸ்தைனைப் பார்த்து, “இப்போது தமிழில் பேசலாமா?” என்று நொஸ்க்கில் கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. பாசமாக என் தோளில் தட்டினார். அவருக்கு அந்தச் சட்டமே நினைவில் இல்லை. அடித்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. துஷா என் கையைப் பிடித்தா.

சட்டை ஏறத் தொடங்கியது. மெதுவாக, ஆடாமல், அவனுடைய பெயர் முதுகில். நிரோசன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். கண் கூச அண்ணாந்து பார்த்தான்.

“ஆர் செத்தது?” என்று கேட்டான்.

மீராதான் பதில் சொன்னாள். “ஒருத்தரும் சாகேல்லை அப்பா. அது உங்கடை சட்டை.”

அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். பிறகு உண்மையாகவே கோபம் வந்தது.

“என்ரை சட்டையை ஏன் அங்கை கொண்டுபோய்க் கட்டினவங்கள்? இறக்கச் சொல்லு. எனக்கு நாளைக்கு வேணும்.”

கையுறைச் சத்தம் ஓயவில்லை. சனத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவன் ஏதோ நன்றி சொல்கிறான் என்று நினைத்திருப்பார்கள்.

கண்ணாடிக்குள்

குடும்பத்துக்கு அதே மாதிரி இன்னொரு சட்டையைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுக் கொடுத்தார்கள். என் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு லோறென்ஸ்கூக் போனோம். அன்ரி முன்னால் இருந்தா, மடியில் இரண்டு தேங்காய்ப் பாதி. நான் அவவை ஏசவில்லை. என்னவென்று ஏச?

இறங்கும்போது மீரா கேட்டாள்: “மாமா, அப்பா நடந்ததைப் பாத்தனீங்களா?”

“பாத்தனான்.”

“நான் சொல்லப்போறன். பள்ளிக்கூடத்திலை.”

துஷா சொன்னது சரிதான். நான் எதிர்த்ததும் சரிதான். அதற்குப் பிறகு மூன்று வாரம் அவன் கட்டிலிலிருந்து எழும்பவில்லை.

மூன்று வாரமும் கேட்டது ஒன்றுதான். சட்டை எங்கை? சுவரில் இருக்கிறது என்று காட்டினால் இன்னும் மோசம். கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பார்ப்பான். கழகத்துக்குத் தொலைபேசி எடுத்து, மேலே இருப்பதை இறக்கித் தாருங்கள் என்றேன். அப்படி ஒரு வழக்கம் இல்லையாம். அதுவும் மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

போன ஞாயிறு திருகாணி முடுக்கியோடு போனேன். சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கி, பின்பலகையைக் கழற்றினேன். சட்டையை உள்ளே குண்டூசியால் குத்தி வைத்திருந்தார்கள், பூச்சி பிடித்து வைப்பதுபோல. ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். துஷா தடுக்கவில்லை. குண்டூசிகளை வாங்க உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றா.

கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். இருட்டுக்குள் தடவிப் பார்த்தான். இலக்கத்தை விரலால் கண்டுபிடித்தான். போட்டுக்கொண்டான். கவசம் இல்லாமல் அந்தச் சட்டை யாருக்கும் தொளதொளவென்றுதான் இருக்கும். அவனுக்குக் கூடாரம் மாதிரி இருந்தது. கட்டிலின் விளிம்பில், கையை முழங்காலில் ஊன்றி, போகத் தயாராக இருந்தான்.

“பஸ் வந்திட்டுதே?”

“இன்னும் இல்லை.”

“வந்தாச் சொல்லு மச்சான். எனக்குக் கேக்காட்டிக் கத்து.”

“கத்துறன்.”

“தமிழிலை கத்து.”

“தமிழிலைதான்,” என்றேன். அவன் சுவரில் சாய்ந்தான். நான் கதவுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன், அவன் நித்திரையாகும்வரை.